பழங்காநத்தம் பரீட்சையும் ஒரு கெட்டிமேளமும்

புதிதாகத் தேர்வாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நான்கு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான்கு வார்த்தையோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஆகவே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

விதிமுறைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். நம் வேலை என்ன? ஒரு அலுவலகத்தில் இருப்பவருக்குக் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கவும், அதைச் சேமிக்கவும், மறுநாள் தேடி எடுக்கவும், அச்செடுக்கவும் தெரியும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. கேட்பதற்கு ரொம்பச் சின்ன வேலை. ஆனால் இந்தச் சின்ன வேலையில் நான் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. பாதிச் சிரிப்பை அங்கே சிரிக்க முடியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு அரசு அலுவலக சூப்பரின்டென்டென்ட் தேர்வுக்கு வந்தார். ஒரு கோப்பை அழித்துக் காட்டச் சொன்னேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "யார் உத்தரவு?" என்று கேட்டார். வினாத்தாளில் இருக்கிறது என்றேன். "வினாத்தாள்ல இருக்கலாம் மேடம். மேலதிகாரி ஒப்புதல் இல்லாம நான் எதையும் அழிச்சதில்ல. நாளைக்கு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். கடைசியில் நான் எழுந்து நின்று, "அழிக்க அனுமதிக்கிறேன்" என்று வாய்மொழியாக உத்தரவு போட்ட பிறகுதான் அழித்தார். முழு மதிப்பெண் போட்டேன். அவரைப் போன்றவர்களிடம்தான் கோப்புகள் பத்திரமாக இருக்கும்.

இப்போது சொல்லப்போவது அவரைப் பற்றி அல்ல. பழங்காநத்தத்தில் நடந்த ஒரு பரீட்சையைப் பற்றி.

அப்போது அங்கே நமக்கு ஒரு தேர்வு மையம் இருந்தது. கீழே கல்யாண மண்டபம், மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்துத் தேர்வு வைத்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை மொபெட்டை நிறுத்தும்போதே வாசலில் வாழைமரம், பந்தல், குழாய் குழாயாக ஸ்பீக்கர். மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்து இறங்கியிருந்தது. சென்டர்காரர் ஓடி வந்தார். "சின்னக் கல்யாணந்தான் மேடம், சத்தமே கேக்காது" என்றார். அவர் சொன்ன அந்த வாக்கியத்தின் பின்பாதி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ரேடியோ செட் அவ்வளவு சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

அன்றைய காலை அணியில் இருந்தவர்கள் எல்லாரும் வில்லாபுரத்தில் இருந்த ஒரே இன்ஸ்டிட்யூட்டின் மாணவர்கள். அது முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலம் மாறவும், அதே அறையில் பாதி மெஷினைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதை நடத்தியவரை ஊரே 'சார்' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஒல்லியான மனிதர், தோளில் எப்போதும் ஒரு துண்டு. அவர் மாடியேறி வந்து வணக்கம் வைத்தார்.

"மேடம், மெஷின எல்லாம் கொண்டாந்துட்டேன். எந்த ரூமுல எறக்கச் சொல்லட்டும்?"

"என்ன மெஷின் சார்?"

"பரீட்சை மெஷின்தான். பிள்ளைக கை பழகுனது."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. உங்களில் டைப்ரைட்டிங் பரீட்சை எழுதியவர்கள் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். அந்தப் பரீட்சைக்கு மையத்தில் மெஷின் இருக்காது. ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்டும் தன் மெஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும். பழகிய மெஷினில் உட்கார்ந்து அடித்துவிட்டு, மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சார் வாழ்நாள் முழுக்க அப்படியே செய்து பழகியவர். கம்ப்யூட்டர் பரீட்சை என்றதும் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் கழற்றி, துண்டு போட்டுச் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றி, பரீட்சைக்குக் கிளம்பும் மெஷினுக்குப் பூப் போடும் வழக்கப்படி ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு மல்லிகைச் சரம் சுற்றிக் கொண்டு வந்துவிட்டார்.

"சார், இது கம்ப்யூட்டர் பரீட்சை. மெஷின் எல்லாம் இங்கயே இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும் மேடம். அது அவங்க மெஷினு. இது நம்ம மெஷினு."

நான் முடியாது என்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி முடியாது என்றேன். அப்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி மேடம். எல்லாருக்கும் வேணாம். கமலவேணிக்கு மட்டுமாச்சும் விடுங்க. அது பொழப்பு இதுல இருக்கு."

கமலவேணியை எனக்குத் தெரியும். பசுமலையைத் தாண்டி இருந்த ஒரு நூற்பாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம், நெசவை விட்டு வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். மில்லிலிருந்து வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது, அத்தனை சுத்தம். இப்போது மில்லில் டைப்ரைட்டர்களை எடுக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வாங்கியவர்கள் அலுவலகத்தில் இருக்கலாம், வாங்காதவர்கள் பேக்கிங் பகுதிக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பேக்கிங் என்றால் நின்றுகொண்டே வேலை, முறை வைத்து ராத்திரி ஷிப்டு. கமலவேணி போன முறை தேர்வில் தவறிவிட்டார். மாதக் கடைசிக்குள் இன்னொரு தேர்வு கிடையாது. இன்று விட்டால் பேக்கிங்தான்.

இவ்வளவு சுத்தமாக அடிப்பவர் ஏன் தவறினார்? அதைத்தான் சார் சொன்னார்.

"அது தாள விட்டுக் கண்ணெடுக்காது மேடம். நாந்தான் அப்பிடிப் பழக்குனேன். 'மெஷினப் பாக்காத, தாளப் பாரு'ன்னு ஸ்கேலால தட்டித் தட்டிப் பழக்கிட்டேன். இப்ப வந்து 'நிமிந்து திரையப் பாரு'ன்னா கழுத்து கேக்க மாட்டேங்குது. போன தடவ நடுவுல ஏதோ ஒரு பெட்டி தொறந்துருக்கு. இது பாட்டுக்குக் குனிஞ்சுக்கிட்டே ஒரு பக்கம் அடிச்சு முடிச்சிருச்சு. நிமிந்து பாத்தா ஒரு எழுத்தும் விழல."

"அதுக்கு உங்க மெஷின் என்ன பண்ணும்?"

"நம்ம மெஷினு டொய்ங்குனு சத்தம் குடுக்கும் மேடம். டைப்ரைட்டர்ல வரி முடியுற எடத்துல மணி அடிக்கும்ல, அந்த மாதிரி. தப்பா ஒண்ணு வந்துச்சுன்னா டொய்ங். சத்தம் கேட்டா நிமிந்துரும். இங்க இருக்குற மெஷினு எல்லாம் ஊமை."

உண்மைதான். சென்டரில் சத்தம் தொந்தரவு என்று எல்லா ஸ்பீக்கரையும் பிடுங்கி எப்போதோ விற்றுவிட்டார்கள். நான் யோசித்தேன். நாம் பரிசோதிப்பது என்ன? மெஷின் ஏதாவது சொன்னால் அதைக் கவனித்துச் சரி செய்யத் தெரிகிறதா என்பதை. கண்ணால் கவனித்தால் என்ன, காதால் கவனித்தால் என்ன? ஆனால் எல்லாருக்கும் சமமான வசதி என்பது விதி. ஒருவருக்கு மட்டும் டொய்ங் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஊமை மெஷினில் உட்காரவைக்க முடியாது.

"சார், குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். இல்லன்னா யாருக்கும் கெடையாது" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அதுக்குத்தான மேடம் எல்லாத்தையும் ஏத்திக் கொண்டாந்தேன்."

மனிதர் என்னைச் சரியாக மடக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஏற்றிக் கொண்டு வாருங்கள், சீக்கிரம் மாட்டுங்கள் என்றேன். வண்டிக்காரரைக் கூப்பிடலாம் என்று இருவரும் ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தோம்.

ஒரு மானிட்டர் பட்டுவேட்டி கட்டிய ஒருவரின் தலையில் மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நாயனம். பக்கத்தில் ஒருவர் மானிட்டருக்குக் குடை பிடித்திருந்தார். பின்னால் பெண்கள் வரிசையாகத் தாம்பாளம் ஏந்தி வந்தார்கள். முதல் தாம்பாளத்தில் தேங்காய், பழம். இரண்டாவதில் வெற்றிலை பாக்கு. மூன்றாவதில் ஒரு கீபோர்டு, அதன் மேல் குங்குமம். லோடு ஆட்டோ காலியாக நின்றது. அதன் டிரைவர் கன்னம் நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு கலர் குடித்துக்கொண்டிருந்தார்.

சார், "மேடம், நம்ம மெஷினு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் உருளாத குறையாக ஓடினார்.

திரும்பி வந்தபோது அவர் கன்னத்திலும் சந்தனம் இருந்தது. கையில் தாம்பூலப் பை. கூடவே பெண்ணின் அப்பா. பெரிய மீசை வைத்த ஆகிருதியான மனிதர், ஆனால் அன்று மீசைகூட நடுங்கிக்கொண்டிருந்தது.

"தாயி, தப்பு நடந்து போச்சு. எம் மச்சினன், பொண்ணுக்குத் தாய்மாமன் சீரு கொண்டாரேன்னு சொன்னவன், இன்னும் வரல. மாப்ள வீட்டாளுக மொகத்தச் சுளிச்சுக்கிட்டு நின்டாக. அந்நேரம் பாத்து இந்த வண்டி பூவும் மணமுமா வந்து நிக்கவும், மாமன் சீரு வந்துருச்சுடான்னு நம்ம பயலுக எறக்கிப்புட்டாய்ங்க."

"சரிங்கய்யா, தெரியாம நடந்துருச்சு. இப்ப எடுத்துக் குடுத்துருங்க."

"எப்புடித் தாயி எடுக்குறது? மேடையில வச்சாச்சு. அம்புட்டுச் சனமும் பாத்துருச்சு. மாப்ளையோட ஆத்தா அதுக்குப் பக்கத்துல நின்டு போட்டாவும் எடுத்தாச்சு. இப்பப் போயி தூக்குனா, சீரத் திருப்பிக்கிட்டான்னு எந்திரிச்சுப் போயிருவாக. தாலி ஏறட்டும் தாயி. ஏறுனதும் நானே தலையில சொமந்து கொண்டாந்து வைக்கிறேன்."

முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எனக்கோ சில நிமிடங்களில் தேர்வைத் தொடங்க வேண்டும். குறித்த நேரத்தில் தொடங்காவிட்டால் அந்த அணியின் தேர்வே ரத்து. அடுத்த தேதி அடுத்த மாதம்தான். மற்றவர்களுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். கமலவேணிக்கு அது பேக்கிங்.

உங்கள் பயிற்சியில் நெருக்கடி மேலாண்மை என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்களாம். அதில் இது வராது. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் கல்யாணம், இன்னொரு பக்கம் இன்னொரு பெண்ணின் வேலை, நடுவில் தேர்வாளர் என்று பேட்ஜ் குத்திய நான். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கேட்டுப் பார்க்காமல் வண்டியைக் காலி செய்தவர்கள் மேலா, மெஷினுக்கு மல்லிகைப்பூ சுற்றியவர் மேலா, வராத மச்சினன் மேலா?

கமலவேணியைத் தனியாக அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "உங்க மெஷினக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க வேணும்னு சொன்னா, நானே மண்டபத்துக்குள்ள போயி எடுத்துட்டு வரேன். என்ன ஆனாலும் நான் பாத்துக்கிறேன்" என்றேன். அந்த நேரத்தில் அதை நான் உண்மையாகவேதான் சொன்னேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பெண்ணை அலங்காரம் செய்து உட்காரவைத்திருந்த அறையின் வாசல் அங்கிருந்து தெரிந்தது. "வேணாம் மேடம். மேடை ஏறுன சீர எறக்குனா அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் பேச்சாயிரும். நான் இந்த மெஷின்லயே அடிச்சுக்கிறேன்."

"நிமிந்து பாப்பீங்களா?"

"பாக்குறேன் மேடம்" என்றார். அதையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தேர்வைத் தொடங்கினேன். சாரை வெளியே நிற்கச் சொன்னேன். கதவில் கண்ணாடி இருந்ததால் அவர் உள்ளே பார்த்தபடியே நின்றார்.

ஒரு நீளமான ஆங்கில அலுவலகக் கடிதத்தை அடித்து, சேமித்து, அச்செடுத்துத் தர வேண்டும். கமலவேணி முதல் வரி அடித்தார், நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது வரி அடித்தார், நிமிர்ந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவது வரியில் வேகம் பிடித்துவிட்டது. வேகம் பிடித்ததும் பழைய கமலவேணி வந்துவிட்டார். தலை குனிந்தது, விரல்கள் பறந்தன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு அலுவலகம் இந்தக் கையைப் பேக்கிங்குக்கு அனுப்பப் பார்க்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடிதத்தின் பாதியில் ஒரு பத்தி 'ஃபர்தர்' என்று தொடங்கியது. பெரிய எழுத்துக்காகச் சுண்டுவிரல் இடது மூலைக்குப் போனது. டைப்ரைட்டரில் அந்த மூலையில் ஷிப்டு இருக்கும். கம்ப்யூட்டரில் அந்த மூலையில் இருப்பது கன்ட்ரோல். கன்ட்ரோலை அழுத்தி எஃப் தட்டினால் சொற்களைத் தேடும் பெட்டி திறக்கும். திறந்தது. அதற்குப் பிறகு அடித்த எதுவும் கடிதத்தில் விழவில்லை, எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதுவும் நிறைந்த பிறகு எங்குமே விழவில்லை. சாரின் மெஷினாக இருந்திருந்தால் இந்நேரம் டொய்ங் டொய்ங் என்று கத்தியிருக்கும். அது கீழே மேடையில் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தது.

நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தேர்வாளர் வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. இருமக் கூடாது என்று புத்தகத்தில் தெளிவாக இல்லை. ஆனால் காரணத்தோடு இருமுவதும் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு வந்த இருமலைப் போல வாழ்நாளில் வந்ததில்லை. தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்றது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே சாருக்கும் திரை தெரிந்துவிட்டது. அவர் தன் துண்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கன்னத்துச் சந்தனமும் வேர்வையில் வழிய, என்னைப் பார்த்து இருமச் சொல்லி இருமிக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கமலவேணியின் விரல்கள் ஒரு முழுப் பத்தியைச் சூனியத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பிழை இருந்திருக்காது அதில்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் நிமிர்ந்து பார்த்தும் பயனில்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அப்போது கீழே ரேடியோ செட்டில் பாட்டு சட்டென்று நின்றது. ஐயருடைய குரல் எல்லாக் குழாயிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

தவிலும் நாயனமும் ஒரே வெடியாக வெடித்தன. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அறையில் அத்தனை கைகளும் கீபோர்டிலிருந்து மேலே எழும்பின. நம் ஊர்க்காரர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கெட்டிமேளம் கேட்டால் கை உயரும், கண் மணமக்களைத் தேடும், அட்சதை பறக்கும். தேர்வு எழுதிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையில் இல்லாத அட்சதையை எதிரே இருந்த மானிட்டர் மேல் போட்டார்கள். கதவுக்கு வெளியே சார் போட்டார். விதிமுறைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் போட்டேன்.

கமலவேணியும் போட்டார். வலது கையை உயர்த்தி, தலை நிமிர்ந்து, மணமக்கள் இருக்க வேண்டிய இடத்தை நேராகப் பார்த்தார். அங்கே அந்தப் பெட்டி இருந்தது.

உயர்ந்த கை அப்படியே நின்றது. வீட்டுப் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார், நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பெட்டியை மூடினார். கடிதம் எங்கே நின்றிருக்கிறது என்று தேடினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அடித்தார் பாருங்கள். என் சர்வீஸில் அப்படி ஒரு வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த வேகத்திலும் ஒவ்வொரு பத்தி முடிவிலும் தலை மேலே வந்து போனது. நான் நேரம் முடிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தபோது அவர் பிரிண்டர் கீச் கீச்சென்று கடைசி வரியை அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

அதன் பிறகுதான் நான் இருமினேன். நிறுத்த முடியவில்லை. சென்டர்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

பெண்ணின் அப்பா சொன்ன சொல் தவறவில்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மானிட்டரைத் தானே தலையில் சுமந்து வந்தார். தாலி ஏறிய கையோடு மச்சினனும் ஒரு பீரோவுடன் வந்து சேர்ந்துவிட்டாராம். வண்டி வழியில் நின்றுவிட்டதாம். பீரோ வந்ததால் கம்ப்யூட்டர் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "டிவிப்பெட்டி போகுதே" என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாராம். எங்களை எல்லாம் சாப்பிடாமல் போகக் கூடாது என்று பந்தியில் உட்காரவைத்தார்கள். தேர்வாளர் தேர்வு எழுதுபவர் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது விதி. இது அவர்கள் யார் வீடும் இல்லையே. நன்றாகவே சாப்பிட்டேன். தன் மெஷின்களில் வைத்த குங்குமத்தைச் சார் கடைசிவரை துடைக்கவில்லை.

ஆனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்டிமேளம் வெளி உதவி இல்லையா? அது அடிக்காமல் இருந்திருந்தால் அவர் நிமிர்ந்திருப்பாரா? கையெழுத்துப் போடலாமா? திங்கட்கிழமை காலை முதல் வேலையாக எங்கள் தலைமைத் தேர்வாளரிடம் போய் நின்றேன். அவர் அதிகம் பேச மாட்டார், சிரித்து நான் பார்த்ததே இல்லை. சீர் வரிசை முதல் பீரோ வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கெட்டிமேளம் ரூமுல இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு சார்."

"அப்ப எல்லாருக்கும் சமமான வசதிதான். பெட்டி இருக்குன்னு மேளமா சொல்லுச்சு? பாத்ததும் மூடுனதும் அந்தம்மாதான். போட்டு அனுப்புங்க" என்றார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு, உள்ளே அவர் மேசையைத் தட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

போட்டு அனுப்பினேன். கமலவேணி அலுவலகத்திலேயே இருந்தார்.

சில வருடங்கள் கழித்து அதே மில்லுக்கு வேறு வேலையாகப் போனேன். கம்ப்யூட்டர் பகுதிக்கு அப்போது அவர்தான் பொறுப்பு. அவருக்குக் கீழே சின்னப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு பெண் ஒரு பத்தியை முடித்தாள். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, "கெட்டிமேளம்" என்று மெதுவாகச் சொல்லி, நிமிர்ந்து திரையைப் பார்த்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனாள். பக்கத்தில் இன்னொருத்தி, "கெட்டிமேளம்." கடைசி மேசையில் ஒருத்தி, "கெட்டிமேளம்." யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அது ஒரு அலுவலக நடைமுறை, அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "எங்க மேடம் அப்பிடித்தான் சொல்லணும்னாங்க. சொன்னாத் தப்பே வராது" என்றாள்.

நாளைக்கு உங்கள் தேர்வு அறையில் யாராவது பத்திக்குப் பத்தி இப்படி முணுமுணுத்தால் பேசக் கூடாது என்று அதட்டிவிடாதீர்கள். அது கமலவேணியின் மில் ஆள்.

கமலவேணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். காபி வந்தது, பழைய கதை எல்லாம் பேசினோம். நான் கேட்ட ஒரு கடிதத்தை அவரே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார். தலை குனிந்து, கண் தாளில், விரல்கள் பறக்க, அதே வேகம். கடைசி வரி முடிந்ததும் வலது கை மேலே எழும்பியது. இல்லாத அட்சதையை மானிட்டர் மேல் போட்டு, நிமிர்ந்து திரையை நன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் விழுந்துருச்சு மேடம்" என்றார்.